பாணனின் பலமும் பசியும்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளியானது. தன் பாத்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் ஆடுபவர் முதலில் செய்ய வேண்டிய தேர்வு. போர்வீரன், மந்திரவாதி, பூசகர் என மூன்றே வகைகளோடு தொடங்கிய ஆட்டத்தில் பின்னால் பல வகைகள் சேர்ந்தன. அவற்றுள் ஓயாத வழக்குக்கு உள்ளானது ‘பார்ட்’, நம் சொல்லில் பாணன். அவனைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நிலவுகின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவன், எதிலும் முதல்வன் ஆகாதவன் என்பது பழைய தீர்ப்பு. 2014 விதிநூலுக்குப் பிறகு அவன் இருப்பதிலேயே வலுவான வகைகளில் ஒருவன் என்பது புதிய தீர்ப்பு. இரண்டுமே பாணனைத் தனி ஆளாக நிறுத்தி எடை போடுகின்றன. பிழை அங்கேதான் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். பாணனுக்கு எவ்வளவு பலம் என்று கேட்பதைவிட அந்தப் பலம் யார் மேல் வேலை செய்கிறது என்று கேட்டால்தான் அவன் வரம்பு எது என்பதும் புலப்படும். அப்படிக் கேட்டுப் பார்க்கத் தமிழில் சான்று ஏராளம். சிறுபாணாற்றுப்படை என்ற நூல் காட்டும் வழி புதுச்சேரிக்கு வடக்கே, பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் இருக்கும் கடற்கரையின் தொடர்ச்சியில்தான் தொடங்குகிறது.

முதலில் ஆட்டத்துப் பாணனின் வரலாற்றைப் பார்த்துவிடலாம். 1976 பிப்ரவரியில் ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ என்ற இதழில் டக் ஷ்வெக்மன் எழுதிய கட்டுரை வழியாகத்தான் அவன் ஆட்டத்துக்குள் வந்தான். கெல்டிய இனத்துப் பாடகன், வடக்கு ஐரோப்பாவின் ஸ்கால்டு, தென் ஐரோப்பாவின் ஊர்சுற்றிப் பாடகன் ஆகிய மூவரையும் ஒன்றாகப் பிசைந்து செய்த உருவம் அது. வாள் கொஞ்சம், திருட்டுக்கலை கொஞ்சம், மந்திரம் கொஞ்சம் என்ற கலவை அப்போதே நிலைத்துவிட்டது. 1978இல் வந்த விதிநூலில் அவனை ஒரு பின்னிணைப்பில் வைத்தார்கள். முதலில் போர்வீரனாகச் சில படிகள் ஏறி, அதை விட்டுத் திருடனாகச் சில படிகள் ஏறி, அதற்கும் பிறகு இயற்கையை வணங்கும் துருயிதர்களிடம் பாடம் கேட்டால்தான் பாணன் ஆக முடியும். வலிமை, அறிவு, வசீகரம் எனப் பெரும்பாலான பண்புகளில் உயர்ந்த எண்கள் பகடையில் விழ வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் தாண்டி வந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருந்திருக்க முடியும். 1989இல் இரண்டாம் பதிப்பு அந்த நீண்ட வழியை எடுத்துவிட்டு அவனைத் திருடனோடு ஒரே குழுவில் சேர்த்தது. 2000இல் மூன்றாம் பதிப்பு அவனுக்கு ஆறாம் படி வரைக்குமான மந்திரங்களைக் கொடுத்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒன்பதாம் படி வரை திறந்துவிட்டு, முழு மந்திரவாதிக்கு நிகராக அவனை உட்கார வைத்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் நடந்தது என்னவென்றால், பாடகன் என்பது மெல்ல மெல்ல மேற்பூச்சாகி, உள்ளே மந்திரவாதி வளர்ந்தான்.

2014 விதிகளின்படி கணக்குப் பார்த்தால் அவனுடைய பலம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகவே தெரியும். ஐந்தாம் படிநிலை மந்திரவாதி தீக்கோளம் வீசினால் எட்டு ஆறுமுகப் பகடைகள் உருளும். சராசரியாக 28 புள்ளி சேதம், வட்டத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும். அந்த மந்திரம் பாணனின் பட்டியலில் இல்லை. அவனுக்கே உரிய வசைமொழி மந்திரம் தொடக்கத்தில் ஒரே ஒரு நான்முகப் பகடை அளவுக்குத்தான் காயப்படுத்தும். போர்வீரனைப் போல் கனத்த கவசமும் அவனுக்கு இல்லை, உயிர்ப்புள்ளிகளும் குறைவு. ஆனால் அவனிடம் ஊக்கப் பகடை என்று ஒன்று இருக்கிறது. தோழன் ஒருவனைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறான், அல்லது ஒரு பாட்டின் அடியை எடுத்து விடுகிறான். கேட்டவன் அடுத்த பத்து நிமிடத்துக்குள் தான் உருட்டும் இருபதுமுகப் பகடையோடு தொடக்கத்தில் ஆறுமுகம் கொண்ட இந்தப் பகடையையும் கூட்டிக்கொள்ளலாம். ஆறுமுகப் பகடையின் சராசரி மூன்றரை. இருபது முகத்தில் ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்கு ஐந்து. ஆக, தவறியிருக்கக்கூடிய ஒரு வெட்டு விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் கூடுகிறது. பதினைந்தாம் படிநிலையில் அந்தப் பகடை பன்னிரண்டு முகமாக வளரும்போது கூடுதல் முப்பதைத் தாண்டும். இதோடு, கற்காத திறன்களிலும் பாதித் தேர்ச்சி, தேர்ந்தெடுத்த சில திறன்களில் இரட்டைத் தேர்ச்சி, ஓய்வு நேரத்தில் பாடினால் கேட்பவர்களின் காயம் கூடுதலாக ஆறும் என்ற விதி. ஒரு குழுவில் இவன் இருந்தால் மற்ற நால்வரும் தங்கள் அளவுக்கு மேல் போகிறார்கள்.

ஊக்கப் பகடை விதியில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தொடர் உண்டு. பாணன் அந்தப் பகடையைத் தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது; அறுபது அடிக்குள், அவன் குரல் காதில் விழும்படி நிற்கும் வேறொருவருக்குத்தான் கொடுக்கலாம். இது புதிய வரம்பு. 2003இல் திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் துணிவூட்டும் பாட்டின் பலன் பாடுபவனுக்கும் சேர்த்தே கிடைத்தது. 2014 பதிப்பு அதை வெட்டியது. அந்தப் பதிப்பு மந்திரங்களை அள்ளிக் கொடுத்து அவனைப் பாணன் அல்லாதவனாக்கியது என்று மேலே சொன்னேன். அதே பதிப்புதான் இந்த ஒரு விதியால் அவனை உண்மையான பாணனாக்கியது என்றும் சொல்ல வேண்டும். அவன் கையில் இருப்பது பிறரிடம் மட்டுமே செல்லும் சக்தி, கேட்பார் இல்லாத இடத்தில் அது ஒன்றுமே இல்லை. ஒலியை அடக்கும் நிசப்த மந்திரம் ஒன்றை எதிரி போட்டுவிட்டால் வட்டத்துக்குள் நிற்கும் பாணனிடம் மிஞ்சுவது இடுப்பில் இருக்கும் மெல்லிய வாள் மட்டும்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனை வழிமறித்து, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னது கிடைக்கும், கடைசியில் இவனைப் பார் என்று சொல்வதே நூல். ஓய்மாநாட்டின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. எயிற்பட்டினம் என்று நூல் சொல்லும் துறை மரக்காணம்தான் என்பது பெரும்பாலோர் கொள்கை. மரக்காணத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே இறங்கினால் கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி என்று மீனவர் ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். எயிற்பட்டினத்துக் காட்சி நூலில் மிக அருகில் வைத்துக் காட்டப்படுகிறது: பேரலைகள் கொண்டுவந்து கரையில் போட்ட மணமுள்ள மரக்கட்டைகள், தூங்கும் ஒட்டகங்கள் மாதிரிக் கிடக்கின்றன, அவற்றை விறகாக்கித் தீ மூட்டி நுளையர் பெண் வடித்த பழைய தேறலைப் பரதவர் வந்தவனுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள், கூடவே, உலர்ந்த குழல் மீனைச் சுட்டு வீட்டுக்கு வீடு தருகிறார்கள். அங்கிருந்து வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். ஒரு பாணனின் கையில் சீறியாழ் இருந்தால், அறிமுகமே இல்லாத மூன்று நிலத்து மக்களின் அடுப்பு அவனுக்காக எரியும் என்பதே இதன் பொருள். ஆட்டத்துப் பாணன் எந்த ஊருக்குள்ளும் பேச்சாலேயே நுழைந்துவிடுவான் என்று விதிநூல் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்டம் அவனுக்குக் கொடுக்கும் மற்ற ஆற்றல்களுக்கும் சங்கப் பாடல்களில் இணை உண்டு, அதுவும் ஆச்சரியமான நெருக்கத்தில். பொருநராற்றுப்படையில் யாழில் எழும் பாலைப் பண்ணைக் கேட்டு வழிப்பறிக் கள்வர் கையிலிருந்த படைக்கலங்களை நழுவவிட்டு, கொடுமை நீங்கி மனம் மாறுகிறார்கள். வசிய மந்திரம் என்று விதிநூல் எழுதுவது இதைத்தான். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார், போரில் புண்பட்டுக் கிடக்கும் தலைவனைச் சுற்றி வீட்டுப் பெண்கள் செய்யும் காவலைச் சொல்கிறார். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகைத் தூவி, யாழும் பல வாச்சியங்களும் ஒலிக்கக் காஞ்சி பாடுகிறார்கள். இசை புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை இங்கே ஒரு வீட்டுச் சடங்காகவே நடக்கிறது. பாடுபவர்கள் பாணர் குலத்தவர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்டம் பாணனிடம் மட்டும் குவித்து வைத்த ஆற்றல் சங்க ஊரில் பரவிக் கிடந்தது. வசைமொழி மந்திரத்துக்கோ, அயர்லாந்துப் புலவர்களின் வசை கேட்டவன் முகத்தில் கொப்புளம் கிளம்பும் என்ற பழைய நம்பிக்கையும் இருக்கிறது, அறம் பாடினால் ஆள் அழிவான் என்ற நம் நம்பிக்கையும் இருக்கிறது. நந்திக் கலம்பகத்தைக் கேட்டு மூன்றாம் நந்திவர்மன் உயிர்விட்டான் என்ற கதை அந்த நம்பிக்கையின் உச்சம்.

எல்லாவற்றிலும் கூர்மையான சான்று கபிலருடையது. வள்ளல் பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகை இட்டிருக்கும்போது அவர்களைப் பார்த்து அவர் பாடிய பாட்டு புறநானூற்றின் 109ஆம் பாட்டு. மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உழாமலே விளையும் மலை இது. உங்கள் முயற்சியால் கிடைக்காது, பாரி வாளுக்கு அஞ்சியும் தரமாட்டான். அதைக் கொள்ளும் வழி எனக்குத் தெரியும் என்று சொல்லி, சீறியாழை இசைத்துக்கொண்டு விறலியர் பின்னால் வர ஆடியும் பாடியும் போங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். பாணனின் பலத்தை இதைவிடத் துல்லியமாக அளந்த விதிநூல் இல்லை. பெரும்படைகளின் சேதக் கணக்கில் வராத ஒன்றை ஒரு சிறு யாழ் பெற்றுத் தரும். ஆனால் அந்தப் பலம் முழுவதும் பாரியின் மனத்தில் இருக்கிறது, யாழில் இல்லை. வேறொரு மன்னன் அந்த மலை மேல் இருந்தால் அதே யாழ், அதே பாட்டு ஒரு பிடி மண்ணையும் வெல்லாது. கபிலரின் வாதம் பாடகனைப் புகழ்வது போல் தோன்றிக் கேட்பவனைப் புகழ்கிறது. அதனால்தான் அது பாணனின் வரம்பையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறது.

அந்த வரம்பு எப்படிப்பட்டது என்பதைச் சிறுபாணாற்றுப்படையே ஒரு சமையலறையில் வைத்துக் காட்டுகிறது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், முன்பு தன் வீடு இருந்த நிலையை நினைத்துச் சொல்கிறான். கூரை மரங்கள் சரிந்த அடுக்களை; அதில் அண்மையில் ஈன்ற நாய்; கண் திறக்காத குட்டிகள் பால் இல்லாத மடியை இழுக்க, வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. சுவர்களில் கரையான் ஏறி, எங்கும் காளான் பூத்திருக்கிறது. பசியால் இளைத்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு அதை உண்கிறாள். எயிற்பட்டினத்தில் வீட்டுக்கு வீடு மீன் சுட்டுத் தரும் அளவுக்கு மதிப்புள்ள கலை, தன் வீட்டு உலையில் ஒரு கல் உப்பு போட உதவவில்லை. அவன் தனக்காகப் பாடி எதையும் விளைவிக்க முடியாது. யாராவது கேட்டு, மகிழ்ந்து, கொடுக்க வேண்டும். அதே நூல் மூவேந்தரின் தலைநகரங்களான வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் நல்லியக்கோடனின் கொடைக்கு முன்னால் வறியவை என்று ஒதுக்கி, முன்பிருந்த ஏழு வள்ளல்களைப் பட்டியலிட்டு, அந்த எழுவரும் சுமந்த நுகத்தை இன்று இவன் ஒருவனே தாங்குகிறான் என்கிறது. புகழ்ச்சிதான். ஆனால் ஒரு பாணன் வாயிலிருந்து வரும்போது அது அச்சமாகவும் கேட்கிறது: ஏழு வாசல்கள் இருந்த இடத்தில் ஒரே வாசல்.

பசி மட்டுமில்லை. பாடுபவன் எல்லைகளைக் கடக்கலாம் என்ற உரிமையும் கேட்பவன் கொடுப்பதுதான். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர்கிழார் இடையில் புகுந்து பாடிக் காப்பாற்றினார் என்கிறது புறநானூற்றின் 47ஆம் பாட்டின் கொளு. வள்ளல்களைத் தேடிப் பறவை போல நெடுந்தூரம் போய், பாடி, பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டி, மிச்சம் வைக்காமல் வழங்கி வாழும் இந்த வாழ்க்கை பிறருக்கு ஏதாவது தீங்கு செய்ததுண்டா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. இளந்தத்தன் புலவன், பாணன் அல்லன். பாட்டு இயற்றுபவரும் பாடி வாழ்பவரும் சங்க உலகில் வேறு வேறு. ஆட்டத்துப் பாணன் இருவரையும் ஓர் உடலில் சேர்த்தவன் என்பதால் இந்தச் சான்று அவனுக்கும் பொருந்தும். அகப்பாடல்களில் இது இன்னும் வெளிப்படை. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்காகத் தூது வரும் பாணனைத் தலைவியும் தோழியும் வாசலிலேயே மறுத்து அனுப்புகிறார்கள். வாயில் மறுத்தல் என்று ஒரு துறையே உண்டு. ஊருக்கெல்லாம் இனிக்கும் குரல், ஒரு பெண் நம்ப மறுத்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆட்டத்தில் வசீகரப் புள்ளி இருபது வைத்திருப்பவன் பகடையில் நல்ல எண் விழுந்தால் எந்தக் கதவையும் திறந்துவிடுகிறான். மருதப் பாடல்களின் தோழி பகடைக்குக் கட்டுப்பட்டவள் அல்லள்.

இந்த ஒப்பீட்டுக்கு எதிராக எழக்கூடியவற்றுள் மிக வலுவான மறுப்பு, சங்கப் பாடல்களை வாழ்க்கை ஆவணமாக எடுத்துக்கொள்ளலாமா என்பது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை வாய்மொழி வீரப்பாட்டு மரபில் வைத்து, கிரேக்க, அயர்லாந்துப் பாடல்களோடு ஒப்பிட்டார். 1975இல் ஜார்ஜ் ஹார்ட், நம் கையில் இருப்பவை பாணர்களின் பாட்டுகள் அல்ல, பாணரின் மரபைப் பின்பற்றிக் கற்ற புலவர்கள் செய்தவை என்ற கருத்தை முன்வைத்தார். புலவர் பாணனின் குரலில் பேசுகிறார் என்றால், அந்த உப்பில்லாக் கீரையும் நாயும் ஒரு மரபான வருணனையாக இருக்கலாம். கொடுப்பவனின் பெருமையை உயர்த்த வறுமையை ஆழமாகத் தீட்டுவது ஆற்றுப்படையின் இலக்கணம் என்றும் சொல்லலாம். இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். ஏற்றாலும் வாதம் அசையவில்லை. ஆட்டத்துப் பாணனும் வரலாற்றில் நடந்த மனிதன் இல்லையே. அவனும் ஒரு மரபின் வடிவம். மரபோடு மரபைத்தான் ஒப்பிடுகிறோம். பாணன் என்பவனைக் கற்பனை செய்தபோது தமிழ்ப் புலவர்கள் அவனுடைய ஆற்றலோடு சேர்த்தே அவன் சார்ந்து நிற்பதையும் கற்பனை செய்தார்கள். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. ஐரோப்பிய மூலங்களிலிருந்து ஆட்டத்தைச் செய்தவர்கள் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எடுக்காமல் விட்டது ஐரோப்பாவிலும் இருந்தது. அங்கேயும் பாடகன் ஒரு பிரபுவின் விருந்து மேசையை நம்பியே வாழ்ந்தான்.

விளையாட்டு விளையாட்டாக இருக்க வேண்டும், பட்டினியை யார் விதியாக எழுதி ஆடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. நியாயமானது, களைத்து வீடு திரும்பி வார இறுதியில் ஆட உட்காருபவர்களுக்கு வறுமையின் கணக்கேடு தேவையில்லை. ஆனால் இந்த ஆட்டம் கட்டுப்பாடுகளை வெறுத்ததே இல்லை. 1978 விதிநூலின் பாலடின் என்ற அறவீரன், தெரிந்தே தீமை செய்தால் தன் ஆற்றல்களை இழந்துவிடுவான். அதே நூலின் துருயிதன் உலோகக் கவசம் அணியமாட்டான். 2014 நூலில் வார்லாக் என்றொரு வகை உண்டு. வேற்றுலகப் புரவலர் ஒருவரோடு செய்த ஒப்பந்தத்தால்தான் அவனுக்குச் சக்தி வருகிறது. ஆட்டக்காரர்கள் அந்தப் புரவலரோடு நடக்கும் பேரத்தையும் மனக்கசப்பையும் விரும்பியே ஆடுகிறார்கள், அதில்தான் வார்லாக்கின் கதையே இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், உலக இலக்கியம் முழுக்கப் புரவலரை நம்பி வாழ்ந்தவன் பாணன். அந்த உறவை அவனிடமிருந்து எடுத்து வார்லாக்குக்குக் கொடுத்துவிட்டு, பாணனுக்குப் பதிலாக மந்திரப் பட்டியலை நீட்டினார்கள். வடிவமைப்பில் நடந்த பெரிய இழப்பாகவே இதை நான் கருதுகிறேன். கட்டுப்பாடு ஆட்டத்தைச் சுவையற்றதாக்கும் என்ற அச்சத்துக்கு, அதே நூலின் வார்லாக் பக்கங்களே மறுமொழி.

இன்றைய பாணன் எந்தத் துணையும் இல்லாமல் தனியாகவே எதையும் சமாளிக்கும் அளவுக்கு வலுவானவன், அவனுக்கு வரம்பு என்று பேசுவதே பழைய பேச்சு என்பாரும் உண்டு. எண்களில் அவர்கள் சொல்வது சரி. ஒன்பதாம் படி மந்திரமும், பத்தாம் படிநிலையில் பிற வகையினரின் மந்திரங்களையே எடுத்துக்கொள்ளும் உரிமையும் உள்ளவனுக்குப் போர்க்களத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வலிமை பாணனுக்கு உரியதல்ல. மந்திரவாதி, பூசகர், துருயிதன் யாரிடமும் இருக்கும் வலிமையை அவனும் வைத்திருக்கிறான். அவனிடம் மட்டுமே இருப்பது எது என்று வடிகட்டினால் கடைசியில் ஊக்கப் பகடையும் அதைச் சார்ந்த சில விதிகளும்தான் மிஞ்சும். வசீகரம் அதிகபட்சமாக இருந்தாலும் ஐந்தே முறை. தன்னைத் தவிர மற்றவருக்கு. கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கு. இந்தச் சிறிய, கட்டுண்ட ஆற்றலைச் சுற்றித்தான் மேசையில் இருப்பவர்கள் பாணனை நினைவு வைத்துக்கொள்கிறார்கள். கடைசி நொடியில் தோழனின் வெட்டு இலக்கைத் தொட்டதற்குக் காரணம் தன் சொல் என்று பாணனை ஆடுபவர் உணரும் மகிழ்ச்சியை ஒரு தீக்கோளம் தராது. வகையின் பலம் அதன் வரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் இது ஒன்றே, அதனால் அங்கே மட்டும் அவன் பாணனாக இருக்கிறான்.

அப்படியானால் ஒரு மேசையில் என்ன மாற்றலாம்? விதிநூலைக் கிழிக்க வேண்டியதில்லை. 2014 விதிப்படி ஊக்கப் பகடைகள் நீண்ட ஓய்வுக்குப் பிறகு தாமாகவே நிரம்பும். ஐந்தாம் படிநிலை முதல் ஒரு சிறு ஓய்வே போதும். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றலாம். பாணன் பாடி, யாராவது கேட்டு, அவனுக்கு உணவோ இடமோ கொடுத்தால்தான் பகடைகள் நிரம்பும் என்று வைத்துக்கொள்ளலாம். கொடுப்பவர் அரசனாக இருக்க வேண்டியதில்லை. குழல் மீனைச் சுட்டுத் தரும் மீனவர் வீடும் போதும், எதுவும் இல்லாத காட்டில் தன் பங்குச் சோற்றைப் பகிரும் தோழனும் போதும். அப்போது போர்வீரனை ஆடுபவருக்கும் பாணன் மேல் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. நாளைய போரில் அவன் சொல் வேண்டுமென்றால் இன்றிரவு அவனுக்குச் செவி கொடுக்க வேண்டும். கதையை நடத்துபவருக்கும் ஒவ்வொரு ஊரிலும் யார் கேட்பார், யார் வாயில் மறுப்பார் என்று யோசிக்க வேலை இருக்கும். ஆற்றுப்படையிலிருந்து இன்னொரு விதியையும் எடுக்கலாம்: ஒரு புரவலரிடம் பரிசு பெற்ற பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞன் ஒருவனுக்கு அந்த வாசலுக்குப் போகும் வழியைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், அந்தப் புரவலரின் ஊரில் அவனுக்கு அடுத்த முறையும் கதவு திறக்கும். சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொண்டால் அடுத்த முறை அவன் பெயர் அங்கே யார் நினைவிலும் இருக்காது.